மேலாளருக்குப் போன ‘டிடெஸ்ட்’

கேள்வி: வணக்கம். நான் சிங்கப்பூரில், உட்லண்ட்ஸில் குடியிருக்கிறேன். ஒரு தளவாட நிறுவனத்தின் கிடங்கு அலுவலகத்தில் வேலை. தஞ்சாவூர்ப் பக்கம் தமிழ்வழியில் படித்தவள். ஆங்கிலம் பேசச் சமாளித்துவிடுவேன், எழுதும்போதுதான் உதறும். போன மாதம் எங்கள் ரோஸ்டரை, அதாவது வேலைநேர அட்டவணையை, மாற்றினார்கள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இரவு பதினொன்றரைக்கு வேலை முடிகிறது, மறுநாள் காலை ஏழு மணிக்கு மறுபடி நிற்க வேண்டும். மேலாளருக்கு மின்னஞ்சல் எழுதினேன். முதலில் ‘ஐ ஹேட் தி நியூ ரோஸ்டர்’ என்று அடித்தேன். ‘ஹேட்’ கொஞ்சம் முரட்டுத்தனமாகப் பட்டது. கைத்தொலைபேசியில் அதே பொருளுள்ள சொற்களைத் தேடி, மரியாதையாக இருக்கட்டும் என்று ‘டிடெஸ்ட்’ போட்டு அனுப்பினேன். மறுநாள் மேலாளர் அறைக்குக் கூப்பிட்டு ‘ஆர் யூ ஓகே?’ என்று கேட்டார். பக்கத்தில் மனிதவளப் பிரிவிலிருந்து ஒருவர் உட்கார்ந்திருந்தார்!

அதே வாரம் உயர்நிலை இரண்டில் படிக்கும் என் மகனின் கட்டுரை திருத்தி வந்தது. பாகற்காயைப் பற்றி ‘ஐ அப்ஹோர் பிட்டர் கோர்ட்’ என்று எழுதியிருக்கிறான். ஆசிரியர் ‘அப்ஹோர்’ மீது வட்டம் போட்டு ஒரு கேள்விக்குறி வைத்திருக்கிறார். துணைப்பாட வகுப்பில் கொடுத்த தாளில் டிஸ்லைக், ஹேட், டிடெஸ்ட், லோத், அப்ஹோர், அபாமினேட் என்று ஏணிப்படி போல அச்சடித்திருக்கிறது, மேலே போகப் போக வெறுப்பு கூடுமாம். என்னிடம் உள்ள அகராதியில் எல்லாவற்றுக்கும் ‘வெறு’ என்றே போட்டிருக்கிறது. எதை எங்கே எழுதுவது?

பி.கு.: மகன் கோபம் வந்தால் ‘ஐ ஹேட் யூ, மா’ என்கிறான். இதையும் ஆங்கிலம் என்று விட்டுவிடலாமா?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு, வணக்கம்.

முதல் வேலையாக அந்த ஏணியைத் தூக்கி ஓரமாகச் சாத்திவிடுங்கள். மகன் தடுக்கி விழுந்தது அதில்தான். நீங்கள் விழுந்ததும் அதில்தான் என்பேன். தாளைப் பார்க்காமலே உங்கள் மனதிலும் ஒரு ஏணி இருந்திருக்கிறது. ‘ஹேட்’ கீழ்ப்படி, ‘டிடெஸ்ட்’ மேல்படி, மேல்படியில் ஏறி நின்றால் மரியாதை என்று.

ஏணியில் டிஸ்லைக் ஒன்றுதான் மெய்யாகவே கீழே நிற்கிறது. ‘பிடிக்காது’ என்பதோடு முடிந்துவிடும் சொல் அது. மற்றவை எல்லாம் கடும் வெறுப்புதான். லோத் பெரிதா, டிடெஸ்ட் பெரிதா என்று ஆங்கிலமே தாய்மொழியான இருவரைக் கேட்டுப் பாருங்கள், ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். இந்தச் சொற்கள் பிரிவது வேறு இடத்தில். வெறுப்பு எங்கிருந்து கிளம்புகிறது என்று பாருங்கள்: உடம்பிலிருந்தா, மனசாட்சியிலிருந்தா, ஆறாத மனத்தாங்கலிலிருந்தா, ஒருவரை மட்டமாகப் பார்க்கும் பார்வையிலிருந்தா? அடுத்து, அது யார் காதில் விழப்போகிறது? இந்த இரண்டு கேள்விக்கும் பதில் கிடைத்துவிட்டால் சொல் தானாக வந்து நிற்கும். எத்தனை கிலோ வெறுப்பு என்று அளந்துகொண்டிருக்க வேண்டாம்.

ஹேட், லோத் இரண்டும் ஆங்கிலத்தின் பூர்வீகச் சொற்கள். டிடெஸ்ட், அப்ஹோர், டிஸ்பைஸ், அபாமினேட் ஆகியவை லத்தீன் வழியில், சில பிரெஞ்சைச் சுற்றிக்கொண்டு, வந்து குடியேறியவை. நம்மவர்கள் ஏமாறுவது இங்கேதான். ‘சோறு’ என்றால் கொச்சை, ‘சாதம்’ என்றால் நாகரிகம். ‘செத்துப்போனார்’ என்றால் கூடாது, ‘காலமானார்’ என்று சொல்ல வேண்டும். இப்படிப் பழகிய காது ஆங்கிலத்திலும் கொஞ்சம் அபூர்வமான சொல் என்றால் பணிவு கூடும் என்று நம்பிவிடுகிறது. வேறு பல இடங்களில் அந்தக் கணக்கு பலிக்கும். வெறுப்புச் சொற்களில் அப்படியே தலைகீழ். ஹேட் நாள்தோறும் புழங்கித் தேய்ந்த சொல். ‘ஐ ஹேட் மண்டேஸ்’ என்று ஒருவர் சொன்னால் திங்கட்கிழமைமேல் அவருக்குப் பகை என்று யாரும் நினைப்பதில்லை. டிடெஸ்ட் தேயாத சொல். எழுதியவர் அதை நிதானமாகத் தேடிப்பிடித்து வைத்திருக்கிறார் என்று படிப்பவருக்குத் தோன்றும். உங்கள் விஷயத்தில் அது உண்மையும்கூட, தேடித்தானே எடுத்தீர்கள்! ‘இந்த அம்மா ஆத்திரத்தில் எழுதவில்லை, யோசித்து எழுதியிருக்கிறார்’ என்று மேலாளர் எண்ணியிருப்பார். ‘ஆர் யூ ஓகே?’ அங்கிருந்து வந்தது. ‘ஹேட்’ என்றே விட்டிருந்தால் கொஞ்சம் முகம் சுளித்துவிட்டு அடுத்த மின்னஞ்சலுக்குப் போயிருப்பார்.

பின்குறிப்புக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். நம் வீட்டுப் பேச்சில் ‘வெறுக்கிறேன்’ என்ற வினையை யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? தொலைக்காட்சித் தொடரில் கதாநாயகி சொல்வாள், ‘நான் உங்களை வெறுக்கிறேன்’ என்று, மூன்று முறை முகத்தைக் காட்டி, பின்னணியில் வயலின் அலற. வீட்டில் நாம் சொல்வது ‘சுத்தமா பிடிக்கல’, ‘கண்டாலே ஆகாது’, ‘மூஞ்சிலயே முழிக்காத’, ‘ஒங்கூடப் பேச மாட்டேன் போ’. பையன் ‘ஹேட்’ என்றதும் உங்கள் மனம் அதைத் தொடர்நாடக ‘வெறுக்கிறேன்’ ஆக்கிக்கொள்கிறது. அவன் சொன்னது ‘ஒங்கூடப் பேச மாட்டேன் போ’. பாலர் பள்ளியிலிருந்து ஆங்கிலத்தில் சண்டை போட்டுப் பழகிய பிள்ளை, கோபத்துக்குக் கைக்கு எட்டிய சொல் அது. கண்டிக்க வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆங்கிலமே பேசும் வீடுகளிலும் ‘வீ டோன்ட் சே ஹேட்’ என்று பிள்ளைகளைத் திருத்தும் பெற்றோர் உண்டு. ஆனால் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழும் அளவுக்கு அதில் சரக்கு இல்லை. என்றைக்காவது குரலை உயர்த்தாமல் ‘ஐ டிஸ்பைஸ் யூ’ என்று சொன்னான் என்றால் உடனே எனக்கு எழுதுங்கள்.

எதிர்ப்பக்கமாகவும் இந்தக் குளறுபடி நடக்கிறது. ‘வேலையே வெறுத்துப்போச்சு’ என்று மனதில் ஓடுவதை ‘ஐ ஹேட் மை ஜாப்’ என்று ஆங்கிலமாக்குகிறார்கள். வேலையிட ஆங்கில வகுப்புகளில் நான் ஓயாமல் கேட்பது இது. ‘வெறுத்துப்போச்சு’வில் பகை கிடையாது, சலிப்புதான் இருக்கிறது. ‘ஐ ஆம் ஃபெட் அப்’ என்றால் சரியாக இருக்கும். நம் ஊர்க் காப்பிக்கடையில் சீனர், மலாய்க்காரர், தமிழர் எல்லாரும் ‘சியென்’ என்று பெருமூச்சு விடுகிறோமே, ‘வெறுத்துப்போச்சு’க்கு அதைவிட நெருங்கிய சொல்லை நான் பார்த்ததில்லை. பொறுமை தீர்ந்துபோன கட்டத்துக்கு ‘புவே தாஹான்’. ஹொக்கியன் என்ற சீன மொழி பாதி, மலாய் பாதி. தாஹான் என்றால் மலாயில் தாங்குவது, மொத்தத்தில் ‘தாங்க முடியல’. அலுவலகத்தில் அதையே ‘ஐ கான்ட் ஸ்டாண்ட் இட்’ என்பார்கள். பேச்சுக்கு ஏற்றது, எழுத்தில் கொஞ்சம் தளர்வு. போகிற போக்கில் ஒன்று: பழந்தமிழில் ‘வெறுக்கை’ என்றால் செல்வம், மிகுதி. வெறுப்பு என்பதே தெவிட்டலில் தொடங்கியதோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

இனி லோத். இது உடம்பிலிருந்து வரும் வெறுப்பு. கடும் வாடை வீசும் டுரியான் பழத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எம்ஆர்டி ரயில் நிலையத்தில் புகைக்காதே, உண்ணாதே என்ற படங்களோடு டுரியான் படத்துக்கும் குறுக்கே சிவப்புக் கோடு போட்டிருக்கிறார்கள். அதையும் மீறி யாரோ பைக்குள் வைத்து ஏறிவிட்டால், மூக்கைப் பொத்திக்கொண்டு அடுத்த நிலையத்தில் இறங்கி வேறு பெட்டிக்கு ஓடுவார் ஒருவர். அவருடைய வெறுப்பு லோத். நியாயம் அநியாயம் எதையும் அவர் யோசிக்கவில்லை, உடம்பே ஒதுங்கிக்கொள்கிறது. தமிழில் இதை ‘அருவருப்பு’ என்று சொன்னால் முக்கால்வாசி வந்துவிடும். மனிதர் மேலும் இது வரும்: பக்கத்தில் உட்கார்ந்தாலே, குரல் காதில் விழுந்தாலே ஆகாது என்கிற நிலை. லோத்சம் என்ற உரிச்சொல்லுக்குக் குமட்டிக்கொண்டு வருவது என்றே பொருள் கொள்ளலாம். தன்மேல் தனக்கே வரும் அருவருப்பைச் ‘செல்ஃப் லோதிங்’ என்பார்கள்.

லோத்தில் ஒரு பொறி இருக்கிறது, மகனுக்குக் கட்டாயம் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் இரண்டு லோத் உண்டு. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், அது நம் எழுத்தின் தலைவிதி. கடைசியில் ‘ஈ’ என்ற எழுத்து வரும் லோத் வெறுப்பு. அதன் முடிவில் ‘காது’, ‘எது’ என்னும்போது நாம் ஒலிக்கிற மெல்லிய ‘த’ ஒலி கேட்கும். ‘ஈ’ வராத லோத் தயக்கத்தைக் குறிக்கும் உரிச்சொல். அதன் முடிவு, குளியலுக்குச் சொல்லும் ‘பாத்’ போலக் காற்றாக முடியும். ‘ஷி இஸ் லோத் டு செல் தி ஃப்ளாட்’ என்றால் வீட்டை விற்க அவருக்கு மனம் வரவில்லை என்று பொருள். வீட்டின்மேல் அவருக்கு உள்ளது பாசம், வெறுப்பு மருந்துக்கும் இல்லை. அங்கே ஒரு ‘ஈ’ சேர்ந்துவிட்டால் வாக்கியம் கெட்டுவிடும். ஆங்கிலேயர்களே அடிக்கடி கோட்டைவிடும் இடம் இது.

அப்ஹோர், மகனின் கட்டுரையில் வட்டம் வாங்கிய சொல். லத்தீனில் இதன் மூலப்பொருள் நடுங்கி விலகுவது. ‘ஹாரர்’ படம் என்கிறோமே, அதே வேர்தான். மயிர்க்கூச்செறிந்து பின்வாங்கும் காட்சியை நினைத்துக்கொள்ளுங்கள். இன்றைய வழக்கில் கூச்செறிதல் போய், கொள்கை மிஞ்சி நிற்கிறது. வன்முறை, சித்திரவதை, இனவாதம், விலங்குகளைக் கொடுமைப்படுத்துவது: அப்ஹோர் பெரும்பாலும் இத்தகையவற்றுடன்தான் வரும். ‘ஐ அப்ஹோர் வயலென்ஸ்’ என்பவர் வன்முறையைப் பற்றிச் சொல்வதைவிடத் தாம் எப்படிப்பட்டவர் என்பதையே சொல்கிறார். பயங்கரவாதத் தாக்குதல்களைக் கண்டிக்கும் அறிக்கைகளில் ‘அப்ஹோரன்ட்’ தவறாமல் தலைகாட்டுவதும் அதனால்தான். ‘நேச்சர் அப்ஹோர்ஸ் எ வாக்யூம்’ என்று பழைய இயற்பியல் வாசகம் ஒன்று உண்டு. அதைத் தமிழில் சொன்னால் இயற்கைக்கு வெற்றிடம் ஆகாது. அங்கேயும் விதியின் தொனி இருப்பதைப் பாருங்கள்.

பாகற்காய் என்ன அநியாயம் செய்தது? ஆசிரியரின் கேள்விக்குறி அதைத்தான் கேட்கிறது. ஒன்று சொல்ல வேண்டும்: கட்டுரை முழுக்கக் கேலியாக, ஒரு சின்னப் பையன் சாப்பாட்டு மேசையில் அரசியல் தலைவர்போல அறிக்கை விடுகிறான் என்ற பாவனையில் எழுதியிருந்தால், அதே ‘அப்ஹோர்’ சிரிக்க வைத்திருக்கும். ஆங்கிலத்தில் ‘ஐ டிஸ்பைஸ் மஷ்ரூம்ஸ்’ என்றெல்லாம் மிகைப்படுத்தி விளையாடுவது சகஜம். சுற்றிலும் உள்ள வாக்கியங்கள் அந்த விளையாட்டில் சேரவேண்டும். மகனின் கட்டுரை சாதாரணமாகப் போய்க்கொண்டிருக்கும்போது இந்த ஒரு சொல் மட்டும் கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு வந்து நின்றிருக்கிறது.

அந்த வாக்கியத்தை எப்படித் திருத்துவது? ‘ஐ கான்ட் ஸ்டாண்ட் பிட்டர் கோர்ட்’ போதும். நான் ஆசிரியராக இருந்தால் அதையும் வெட்டிவிட்டு, பாட்டி தட்டில் வைத்த பாகற்காய் வறுவலை அவன் எப்படிச் சோற்றுக்கடியில் புதைத்தான், பாட்டி அதை எப்படிக் கண்டுபிடித்தார் என்று இரண்டு வரி எழுதச் சொல்வேன். பாகற்காய் அவனுக்கு ஆகாது என்பதை அதற்குப் பிறகு தனியாகச் சொல்ல வேண்டியிருக்காது.

டிஸ்பைஸ் கதையே வேறு. லத்தீனில் இதன் பொருள் மேலிருந்து கீழே பார்ப்பது. ‘இளக்காரம்’, ‘இகழ்ச்சி’ என்ற நம் சொற்கள் இதற்குப் பக்கத்து வீடு. சோதித்துப் பார்க்க எளிய வழி ஒன்று சொல்கிறேன். மதிக்கிற ஒருவரை நீங்கள் ஹேட் செய்யலாம். எதிரணி ஆட்டக்காரர் ஒவ்வொரு முறையும் உங்கள் அணியைத் தோற்கடித்தால் அவரை வெறுப்பீர்கள், ஆனால் ஆள் கெட்டிக்காரர் என்று ஒப்புக்கொள்வீர்கள். மதிக்கிற ஒருவரை டிஸ்பைஸ் செய்யவே முடியாது. கோழையை, காட்டிக்கொடுப்பவனை, வீட்டுப் பணிப்பெண்ணின் சம்பளத்தைப் பிடித்துவைத்துக்கொள்கிறவரைச் செய்யலாம். ‘நீ மனிதனே இல்லை’ என்ற தீர்ப்பு அதில் அடங்கியிருக்கிறது. மகன் இதைச் சொன்னால் எனக்கு எழுதுங்கள் என்றது இதனால்தான். அலுவலகத்தில் இந்தச் சொல்லின் பக்கமே போக வேண்டாம்.

டிடெஸ்ட்? லத்தீனில் ‘டெஸ்டிஸ்’ என்றால் சாட்சி. தெய்வத்தைச் சாட்சிக்கு அழைத்து ஒருவரைச் சபிப்பதுதான் டிடெஸ்ட்டின் பிறப்பு. நம் ஊரில் கோயில் வாசலில் மண்ணை வாரித் தூற்றுவார்களே, கிட்டத்தட்ட அது. சொல்லின் பிறப்பை வைத்து இன்றைய பொருளை முடிவு செய்யக்கூடாது, டிடெஸ்ட் சொல்கிறவர்கள் யாரும் இன்று சாமியைக் கூப்பிடுவதில்லை. ஆனால் அந்தப் பழைய உக்கிரம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பது என் எண்ணம். மனதில் ஊறி உறுதிப்பட்ட வெறுப்பு, கேட்டால் வாய்விட்டுச் சொல்லவும் தயங்காதது. பொய்வேஷம், பந்தா, பிறரை மட்டம்தட்டும் பேச்சு ஆகியவற்றை ஒருவர் டிடெஸ்ட் செய்தால் பொருத்தமாக இருக்கும். ரோஸ்டர்மேல் மண்ணை வாரித் தூற்றியிருக்கிறீர்கள்.

அபாமினேட் ஏணியின் உச்சியில் இருப்பது எனக்கு வேடிக்கையாக இருக்கிறது. கெட்ட சகுனம் என்று ஒதுக்குவது அதன் மூலப்பொருள். இன்று அந்த வினையை எழுதுபவர்கள் மிகக் குறைவு, மகனுக்கு அது வேண்டவே வேண்டாம். அதன் உரிச்சொல் மட்டும், இமயமலையில் உலவுவதாகச் சொல்லப்படும் பனிமனிதன் புண்ணியத்தில் உயிரோடு இருக்கிறது. 1921-இல் எவரெஸ்ட் பயணக் குழு பனியில் கண்ட காலடித் தடங்களைப் பற்றிக் கல்கத்தா பத்திரிகையில் எழுதிய ஹென்றி நியூமன், திபெத்தியப் பெயர் ஒன்றைத் தப்பும் தவறுமாக மொழிபெயர்த்து ‘அபாமினபிள் ஸ்னோமேன்’ ஆக்கினார். மொழிபெயர்ப்பாளர்களுக்கு அப்படியும் புகழ் வருவதுண்டு.

உங்கள் அகராதி எல்லாவற்றுக்கும் ‘வெறு’ என்று ஒரே பொருள் போட்டிருப்பதைப் பார்த்து, இந்த வேறுபாடெல்லாம் வாத்தியார்கள் கட்டிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். சிங்கப்பூரில் 1990-இல் நிறைவேறிய சமய நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டத்தில் ஓர் இடம் இருக்கிறது. சமயக் குழுக்களுக்கு இடையே என்னென்ன உணர்வைத் தூண்டக்கூடாது என்று சொல்லும்போது நான்கு சொற்களை வரிசையாக அடுக்குகிறது: எனிமிட்டி, ஹேட்ரட், இல்வில், ஹாஸ்டிலிட்டி. பகை, வெறுப்பு, கெட்ட எண்ணம், விரோதப் போக்கு என்று தமிழில் சொல்லலாம். சட்டம் எழுதுகிறவர்கள் அலங்காரத்துக்காக அடுக்குவதில்லை. ஒன்றில் சிக்காதது அடுத்ததில் சிக்கட்டும் என்று வலை பின்னுகிறார்கள். கெட்ட எண்ணம் மனதுக்குள்ளேயே இருக்கலாம், விரோதப் போக்கு நடத்தையில் தெரியும், பகைக்கு இரண்டு தரப்பு வேண்டும். அந்த வரிசையில் லோதிங் இல்லை, அப்ஹோரன்ஸ் இல்லை என்பதையும் கவனியுங்கள். அவை ஒரு மனிதருக்குள் நடப்பவை. ஹேட்ரட் வாய்விட்டு வாய் பரவுவது, ஒருவர் விதைத்து ஊரே அறுவடை செய்யக்கூடியது. ‘ஹேட் ஸ்பீச்’ என்கிறோம், ‘லோத் ஸ்பீச்’ என்று எவரும் சொல்வதில்லை.

இப்போது உங்கள் மின்னஞ்சலுக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்ட வரி, ‘என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை’ என்பதுதான். தூக்கம் கெடுவது ஒரு பக்கம் இருக்கட்டும், கேட்காமல் மாற்றிவிட்டார்களே என்பது உங்களை அறுத்துக்கொண்டிருக்கிறது. இதற்கு ஆங்கிலத்தில் உள்ள சொல் ஏணியிலேயே இல்லை. அது ரிசென்ட். பிரெஞ்சிலிருந்து வந்தது, ஒன்றை அழுத்தமாக உணர்வது என்பது அதன் மூலப்பொருள். தமிழில் ‘மனத்தாங்கல்’. நமக்கு அநியாயம் நடந்தது என்ற எண்ணம் இருந்தால்தான் ரிசென்ட் வரும். டுரியானை யாரும் ரிசென்ட் செய்யமுடியாது. சம்பள உயர்வில் தன்னைத் தாண்டிப்போன சக ஊழியரைச் செய்யலாம். ‘ஐ ரிசென்ட் நாட் பீயிங் ஆஸ்க்ட்’ என்பதுதான் உங்கள் மனதில் இருந்த வாக்கியம்.

அதையும் அனுப்பாதீர்கள். சரியான சொல் என்பதால் அது மேலாளருக்குப் போகவேண்டிய சொல் ஆகிவிடாது. அலுவலக மின்னஞ்சலில் உங்கள் உணர்ச்சிக்குப் பெயர் சூட்டிய மறுகணம், படிக்கிறவர் ரோஸ்டரை மறந்துவிட்டு உங்களைப் பார்க்கத் தொடங்கிவிடுகிறார். உங்களுக்கு நடந்ததும் அதுவே. அறைக்குள் ரோஸ்டரைப் பற்றிப் பேச்சு வந்ததா, உங்கள் மனநிலையைப் பற்றிப் பேச்சு வந்ததா? நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

‘ஐ ஃபைண்ட் தி நியூ ரோஸ்டர் டிஃபிகல்ட் டு மேனேஜ். வென் ஒன் ஷிஃப்ட் எண்ட்ஸ் அட் 11.30 பிஎம் அண்ட் தி நெக்ஸ்ட் ஸ்டார்ட்ஸ் அட் 7 ஏஎம், ஐ கெட் லெஸ் தேன் ஃபைவ் அவர்ஸ் ஆஃப் ஸ்லீப். குட் தீஸ் டூ ஷிஃப்ட்ஸ் பி ஸ்பேஸ்ட் அபார்ட்? ஐ வுட் ஆல்ஸோ லைக் டு பி கன்சல்டட் பிஃபோர் தி நெக்ஸ்ட் சேஞ்ச்.’

வெறுப்புச் சொல் ஒன்றுகூட இல்லை. மணிக்கணக்கு பேசுகிறது, கோரிக்கை தெளிவாக இருக்கிறது, மனத்தாங்கலும் கடைசி வரியில் கௌரவமாக உட்கார்ந்திருக்கிறது. நீங்கள் முரடு என்று ஒதுக்கிய ஹேட்டையே வேண்டுமானால் முதல் வரியில் பணிவுக்கு வைத்துக்கொள்ளலாம்: ‘ஐ ஹேட் டு ரெய்ஸ் திஸ், பட்’ என்று தொடங்கினால், ‘சொல்லச் சங்கடமாகத்தான் இருக்கிறது’ என்ற தொனி வரும். ஹேட்டுக்கு மட்டுமே இந்த வசதி. ‘ஐ டிடெஸ்ட் டு ரெய்ஸ் திஸ்’ என்று ஆங்கிலத்தில் கிடையாது. டிடெஸ்ட், லோத், டிஸ்லைக் மூன்றும் பின்னால் ‘இங்’ கேட்கும்: ‘ஐ டிடெஸ்ட் வெய்ட்டிங்’. ஹேட் இரண்டுக்கும் இடம் கொடுக்கும், ‘ஹேட் வெய்ட்டிங்’, ‘ஹேட் டு வெய்ட்’ இரண்டும் சரி. இன்னொன்று, ‘ஐ ஆம் ஹேட்டிங்’, ‘ஐ ஆம் டிடெஸ்டிங்’ என்று நடந்துகொண்டிருக்கும் செயலாக எழுதுவது நம்மூர்ப் பழக்கம். ‘ஐ ஆம் ஹேட்டிங் எவ்ரி மினிட் ஆஃப் இட்’ போலப் பேச்சுவழக்கில் ஒரு விதிவிலக்கு உண்டே தவிர, எழுத்தில் வெறும் ‘ஐ ஹேட்’ என்றே நிறுத்துங்கள்.

மொழியைத் தாண்டிய ஒரு விஷயம். வேலை நேரத்தை மாற்றித் தரும்படி எழுத்துபூர்வமாகக் கேட்பதற்கு இங்கே ஒரு முறை இருக்கிறது. அரசு, முதலாளிகள், தொழிற்சங்கங்கள் சேர்ந்து வகுத்த, நீக்குப்போக்கான வேலை ஏற்பாட்டுக் கோரிக்கைகளுக்கான முத்தரப்பு வழிகாட்டி 2024 டிசம்பர் 1 முதல் நடப்பில் உள்ளது. தகுதிகாண் காலத்தை முடித்த ஊழியர் முறைப்படி கேட்டால், நிறுவனம் இரண்டு மாதத்துக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். உங்கள் ஷிஃப்டுக்கு அது எப்படிப் பொருந்தும் என்று அன்றைக்கு அறையில் உட்கார்ந்திருந்த அந்த மனிதவளப் பிரிவுக்காரரிடமே கேளுங்கள். ஏற்கெனவே அறிமுகமாகிவிட்டாரே!

அந்த மின்னஞ்சலை மகனோடு உட்கார்ந்து எழுதுங்கள் என்பேன். உயர்நிலைப் பள்ளியின் இறுதி ஆங்கிலத் தேர்வில் சூழ்நிலை எழுத்து என்று ஒரு பகுதி இருக்கிறது. யாருக்கு எழுதுகிறோம், எதற்கு எழுதுகிறோம், எந்தச் சூழலில் எழுதுகிறோம் என்பதைப் பார்த்து மின்னஞ்சலோ கடிதமோ எழுதச் சொல்வார்கள். வீட்டிலேயே அவனுக்கு ஓர் உண்மையான வினாத்தாள் கிடைத்திருக்கிறது. உங்களுக்கும் பிழை பார்க்க ஆள் ஆயிற்று.

அப்ஹோரை அவன் வேறு நல்ல இடத்தில் எழுதட்டும், சமூகப் பாடத்தில் இடம் நிறைய வரும். இறந்தகாலத்தில் எழுதும்போது ‘ஆர்’ இரண்டு போட வேண்டும், உச்சரிக்கும்போது நடுவில் உள்ள ‘ஹ’வை விழுங்கக்கூடாது.